இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பழைய மெஷின் தேடி...

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. மற்ற நாட்களில் இந்த நேரத்துக்குச் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி ஊர்ந்துகொண்டிருக்கும். இன்று சாலை கொஞ்சம் மூச்சு விடுகிறது. பூந்தமல்லி தாண்டி, நசரத்பேட்டை தாண்டி, செம்பரம்பாக்கத்தில் ஒரு டீக்கடை. பைக்கை ஓரம் கட்டிவிட்டு இரண்டு பேர் இறங்குகிறார்கள்.

ஒருவருக்கு வயது 57. ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை. அடுத்த வருடம் ஓய்வு. இன்னொருவர் 66 வயதுத் தச்சர். நாற்பது வருடம் உளியும் இழைப்புளியும் பிடித்த கை. இருவருக்கும் குன்றத்தூரில் ஒரே தெரு. ஒருவர் ‘அண்ணே’ என்பார், மற்றவர் ‘தம்பி’ என்பார். அவ்வளவுதான் உறவு. ஆனால், பல வருடப் பழக்கம்.

தம்பியின் சட்டைப் பையில் ஒரு வெர்னியர், ஒரு டெஸ்டர், ஒரு சின்ன காந்தம். அண்ணனின் கையில் மஞ்சள் பை. அதற்குள் ஓர் அடி அகலத்தில் ஒட்டிச் சேர்த்த பைன் பலகை. பைக் பெட்டிக்குள் 40,000 ரூபாய். தம்பியின் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“ஏங்க, பலகையை உள்ள விட்டு ஓட்டிப் பாக்காம காசு குடுக்காதீங்க.”

அவர்கள் தேடிப் போவது ஒரு பழைய டிரம் சாண்டர்.

தோள் சொன்ன கணக்கு

டிரம் சாண்டர் என்றால் பலருக்குத் தெரியாது. சப்பாத்தி மெஷினை நினைத்துக்கொள்ளலாம். மேலே ஓர் உருளை. அதன்மேல் பாம்பு சுற்றியதுபோல உப்புத்தாள் சுற்றியிருக்கும். கீழே மெதுவாக நகரும் ஒரு பெல்ட். பலகையை பெல்ட்டில் வைத்தால் அது உருளைக்கு அடியில் போய் மறுபக்கம் வரும். வரும்போது மேல்பக்கம் ஒரே மட்டமாகத் தேய்ந்திருக்கும். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் தேய்க்கும். கைப்பிடியைக் கொஞ்சம் இறக்கி மறுபடி விட வேண்டும். பொறுமைசாலிகளின் மெஷின்.

இழைக்கும் மெஷின் வேறு. அதில் பிளேடு சுழலும். மரத்தில் கணு இருந்தால், ரேகை குறுக்கே ஓடினால், பிளேடு அந்த இடத்தைப் பிய்த்துவிடும். சாண்டர் பிய்க்காது, தேய்க்கும். கணு நிறைந்த மரத்துக்கும், துண்டு துண்டாக ஒட்டிய பலகைக்கும் அதுதான் சரி.

அண்ணனுக்கு இது ஆசைக்காக வாங்கும் பொருள் இல்லை. நாற்பது வருடம் கையால் உப்புத்தாள் தேய்த்ததில் வலது தோள் போய்விட்டது. கை காது உயரத்துக்குமேல் போகாது. பிளைவுட் வந்து கொஞ்சம் வேலை போனது, கடையில் ரெடிமேட் வந்து கொஞ்சம் போனது, மிச்சத்தைத் தோள் எடுத்துக்கொண்டது. இரண்டு வருடமாக வீட்டுத் திண்ணைதான். ஆனால், கண்ணும் கணக்கும் அப்படியே இருக்கின்றன. பலகையைப் பார்த்ததுமே எது எந்தப் பக்கம் வளையும் என்று சொல்வார்.

தம்பிக்கு ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்ற கேள்வி. வீட்டுக்குப் பின்னால் பத்துக்கு இருபது அடியில் ஒரு ஷெட் இருக்கிறது. அண்ணன் அளந்து கோடு போட, தம்பி மெஷினைப் பார்த்துக்கொள்ள, இரண்டு பேருமாக நடைவண்டி, குழந்தைகளுக்கான எழுதும் மேஜை, சின்ன ஸ்டூல் என்று செய்யலாம் என்பது திட்டம். நடைவண்டியில் குழந்தை கை வைக்கும். ஒரு சிராய்கூட இருக்கக் கூடாது. அதற்குத் தேய்ப்புதான் முக்கியம். தோளால் முடியாததை உருளை செய்ய வேண்டும்.

புதிது வாங்க இந்தப் பணம் போதாது. அதனால்தான் இருங்காட்டுக்கோட்டை.

இருங்காடு

ஊர்ப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் ‘இருங்காடு’ வருகிறது. பெரிய காடு, அடர்ந்த காடு என்று பொருள் சொல்லலாம். இன்று காடு எங்கே என்று கேட்டால் சிப்காட் வளைவைத்தான் காட்டுவார்கள்.

சென்னைக்காரர்கள் பலருக்கு இந்தப் பெயர் முதலில் பழக்கமானது ரேஸால். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்துகொண்டிருந்த காலம் முடிந்து, 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கே தனிப் பந்தயத் தடம் அமைத்தது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். இன்றும் பந்தயம் நடக்கும் ஞாயிறுகளில் அந்தச் சத்தம் ஊர் வரைக்கும் கேட்கும்.

அடுத்து வந்தது கார் தயாரிப்பு. 1996-ல் ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. காருக்குப் பின்னால் சீட் செய்பவர், கண்ணாடி செய்பவர், ரப்பர் செய்பவர் எல்லோரும் வந்தார்கள். 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை. தெற்கே ஒரகடத்தில் 2010-ல் ரெனோ - நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ராமானுஜர் பிறந்த ஊர் என்று தெரிந்த ஸ்ரீபெரும்புதூரில் இப்போது கொரிய எழுத்தில் போர்டு வைத்த ஹோட்டல்கள். டீக்கடை பெஞ்சில் ஒடியாவும் இந்தியும் அசாமியும்.

வந்ததெல்லாம் நிற்கவில்லை என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா செல்போன் தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான பேர், அதில் நிறைய இளம்பெண்கள், வேலையிழந்தார்கள். சில வருடம் கழித்து அதே வளாகத்தை சால்காம்ப் என்ற சார்ஜர் தயாரிக்கும் நிறுவனம் எடுத்துக்கொண்டது. கட்டடத்துக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது.

பெரிய கம்பெனி மூடினால் பேப்பரில் வரும். அதை நம்பியிருந்த சின்ன யூனிட் மூடினால் தெருவுக்குத்தான் தெரியும். ஒரு நாள் ஷட்டர் இறங்கும். அடுத்த மாதம் மெஷின்கள் கிரேனில் ஏறும். கொஞ்சம் வேறு யூனிட்டுக்குப் போகும். மிச்சம் நெடுஞ்சாலைக்குப் பின்னால் இருக்கும் காயலாங்கடைகளுக்கும் பழைய மெஷின் யார்டுகளுக்கும் வரும். அப்படி வந்ததில் ஒன்றைத்தான் இவர்கள் தேடுகிறார்கள்.

பெட்டியாக வந்த மரம்

மெஷினுக்கு முன்னால் மரம். முதல் நிறுத்தம் ஒரு பேலட் யார்டு.

வெளிநாட்டிலிருந்து மெஷினும் உதிரிபாகமும் மரப்பெட்டியில், மரப் பேலட்டில் வருகின்றன. சரக்கை எடுத்த பிறகு பெட்டி வேண்டாத பொருள். அதை மொத்தமாக வாங்கி, ஆணி பிடுங்கி, பலகை தனி, சட்டம் தனி, விறகு தனி என்று பிரித்து விற்பது இந்தப் பகுதியில் ஒரு தொழில். ஒரு மலை அளவுக்குக் குவிந்திருக்கும் வெளுத்த மரத்தில் பெரும்பாலும் பைன். குளிர் நாட்டு மரம். லேசானது. பிசின் வாசனை தூக்கும்.

அண்ணன் ஒவ்வொரு பேலட்டின் பக்கவாட்டையும் திருப்பிப் பார்க்கிறார். கறுப்பு மையில் ஒரு முத்திரை. கோதுமைக் கதிர் போன்ற படம், பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்தில் நாடு, கடைசியில் இன்னும் இரண்டு எழுத்து.

இந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு பூச்சியின் கதை இருக்கிறது. 1996-ல் நியூயார்க்கில் மரங்களைத் துளைக்கும் ஓர் ஆசிய வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. சரக்குப் பெட்டி மரத்துக்குள் ஒளிந்து கப்பலேறிப் போன வண்டு. இப்படி ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக் காட்டை அழிக்கக் கூடாது என்று 2002-ல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி வந்தது. அதன்படி, ஏற்றுமதிக்குப் போகும் பெட்டி மரத்தை அதன் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் தொடர்ந்து 30 நிமிடமாவது வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்த மரத்தில் ‘எச்.டி.’ என்ற எழுத்து இருக்கும். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு போட்டது.

“எம்.பி. இருந்தா தொடாத தம்பி. புள்ளைங்க சாமான் செய்யப் போறோம்” என்கிறார் அண்ணன். எண்ணெய் கொட்டிய கறை இருப்பதையும், முத்திரையே இல்லாததையும் ஒதுக்குகிறார். ‘கே.ஆர்.’ என்றால் கொரியா. ‘டி.இ.’ என்றால் ஜெர்மனி. எச்.டி. முத்திரையோடு நல்ல அகலமாகப் பதினான்கு பலகை தேறுகிறது. ஒவ்வொன்றின் மேலும் தம்பி காந்தத்தை ஓட்டுகிறார். உடைந்த ஆணி உள்ளே இருந்தால் காந்தம் இழுக்கும். ஓர் ஆணி போதும், உருளையில் சுற்றிய தாள் முழுவதும் கிழிந்துவிடும்.

பலகையைக் கட்டி ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த இடம்.

பெயின்ட் புதுசு

முதல் யார்டில் காட்டியது ஒரு பெரிய வைடு பெல்ட் சாண்டர். ஒரு மூடிய ஃபர்னிச்சர் யூனிட்டிலிருந்து வந்ததாம். ஆள் உயரம். பல குதிரைத்திறன் மோட்டார். தாளை இழுத்துப் பிடிக்க ஏர் கம்ப்ரஸரும் வேண்டும். விலையோ அடிமாட்டு விலை. ஏனென்றால், இதை வைக்க இடமும் கரண்டும் உள்ளவர்கள் புதிதுதான் வாங்குகிறார்கள். வாங்க ஆசைப்படுபவர்களிடம் இடமும் கரண்டும் இல்லை. கிலோ கணக்கில் இரும்பாகத்தான் போகும். அண்ணன் அதன் மேஜையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

இரண்டாவது இடத்தில் இருந்தது சரியான அளவு. உருளை 400 மில்லிமீட்டர் அகலம். ஒரு பக்கம் திறந்த அமைப்பு. அதனால் அதைவிட அகலமான பலகையையும் திருப்பிப் போட்டு இரண்டு தடவையில் தேய்த்துவிடலாம். பளபளவென்று பச்சை பெயின்ட். பார்த்ததும் பிடித்துவிடும் மெஷின்.

“நேத்துதான் சார் சர்வீஸ் முடிஞ்சுது. 40 சொல்றேன், உங்களுக்காக 38” என்றார் கடைக்காரர்.

தம்பி முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு உருளையைக் கையால் சுற்றினார். நல்ல பேரிங் என்றால் சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நிற்கும். இது ஓர் இடத்தில் கரகரத்தது. அது பெரிய குறை இல்லை, பேரிங் மாற்றிக்கொள்ளலாம். அடுத்து மஞ்சள் பையிலிருந்து பலகை வெளியே வந்தது.

“ஓட்டிப் பாக்கணுமா? எதுக்கு சார், சுத்துதே, பாத்தீங்கல்ல?”

“சுத்துறது வேற, தேய்க்கிறது வேற.”

அரைமனதோடு ஸ்விட்சைப் போட்டார். பலகை இரண்டு தடவை உள்ளே போய் வந்தது. மேல்பக்கம் வழவழவென்றுதான் இருந்தது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தம்பி வெர்னியரை எடுத்து இடது ஓரத்தின் கனத்தை அளந்தார். 18.2 மில்லிமீட்டர். வலது ஓரம் 17.4. ஓர் அடி அகலத்துக்குள் 0.8 மில்லிமீட்டர் சரிவு. அதாவது உருளையும் மேஜையும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை.

இது எல்லா மெஷினிலும் வரும். சரிசெய்ய ஒரு திருகு உண்டு. தம்பி அந்தத் திருகைத் தேடிப் பார்த்தார். அது ஏற்கெனவே கடைசிவரை திருகப்பட்டிருந்தது. பச்சை பெயின்ட் அதன் தலைமேலும் பூசப்பட்டிருந்தது. அதற்குமேல் திருக வழியில்லை. எப்போதோ கீழே விழுந்து சட்டமே வளைந்திருக்க வேண்டும்.

“பாத்துட்டு வர்றோம்” என்று சொல்லிவிட்டு நடந்தார்கள்.

அந்த மெஷினில் செய்த மேஜை நாலு காலில் நிற்காது. 0.8 மில்லிமீட்டர் என்பது ஒரு பலகைக்கு. நான்கு பலகையை ஒரே பக்கமாக அடுக்கி ஒட்டினால் அந்தச் சரிவும் நான்கு மடங்கு.

சூடாகும் மோட்டார்

மூன்றாவது யார்டு சிப்காட்டுக்குப் பின்னால், கருவேல மரங்களுக்கு நடுவில். வெயில் ஏறிவிட்டது. உள்ளே தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு குவியல். தார்ப்பாயை எடுத்ததும் தூசி பறந்தது. அழுக்கான, துருப்பிடித்த ஸ்டாண்டில் நிற்கும் ஒரு சாண்டர். பெல்ட்டின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தது. உருளையில் சுற்றிய தாள் கருகிப்போயிருந்தது.

யார்டுக்காரர் மறைக்கவில்லை.

“இதுக்கு முன்னாடி மூணு பேர் பாத்துட்டுப் போயிட்டாங்க சார். ஓடும். ஆனா கால் மணி நேரத்துல மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாவுது. வேகமும் கம்மி. உள்ளதைச் சொல்லிட்டேன். இன்டீரியர் வேலை செஞ்ச ஒரு யூனிட் மூடுனப்ப வந்தது. பில்லு இருக்கு.”

பழைய மெஷின் வாங்குபவர்களுக்கு அந்தக் கடைசி வார்த்தை முக்கியம். கம்பெனியிலிருந்து வெளியே வந்த பொருளுக்கு வெளியே வந்த வழி காகிதத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை போலீஸ் கேட்கும்போது பதில் இருக்காது.

தம்பி மோட்டாருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். கைக்குட்டையால் தகட்டைத் துடைத்தார. கொரிய எழுத்து. அதற்குக் கீழே எண்கள். 1.5 கிலோவாட். 220/380 வோல்ட். 60 ஹெர்ட்ஸ்.

அந்தக் கடைசி எண்ணில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

இந்தியாவில் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. கொரியாவில் 60. அங்கே செய்த மோட்டாரை இங்கே நேராக மாட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். நிமிடத்துக்கு 1,730 சுற்று ஓட வேண்டியது சுமார் 1,440 தான் ஓடும். அது மட்டுமல்ல. 380 வோல்ட்டுக்குச் செய்த மோட்டாருக்கு இங்கே த்ரீ ஃபேஸில் 415 வோல்ட் போகிறது. சுற்று குறைவு, அழுத்தம் அதிகம் என்றால் மோட்டார் தேவைக்குமேல் கரண்டை இழுத்துச் சூடாகும். பழுது ஒன்றுமே இல்லை. தனக்குச் சேராத கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

“எங்க லைன்ல கொரியா மெஷின் வந்த புதுசுல இதே கூத்து நடந்துச்சுண்ணே. ரெண்டு மோட்டார் புகைஞ்ச பிறகுதான் தகட்டைப் படிச்சோம்” என்றார் தம்பி, மெதுவாக.

இதற்கு வழி வி.எஃப்.டி. ஒரு புத்தக அளவு பெட்டி. வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டை வாங்கிக்கொண்டு, த்ரீ ஃபேஸாக மாற்றி, நாம் சொல்லும் ஹெர்ட்ஸில் கொடுக்கும். 60 என்று வைத்தால் 60. ஆனால், அந்தச் சின்ன பெட்டி 230 வோல்ட்டுக்குமேல் தராது. நம் ஊரில் 415 வோல்ட்டுக்கென்றே செய்த மோட்டாருக்கு அது போதாது. இந்த மோட்டாரோ 220 வோல்ட்டிலும் ஓடும் என்று தகடே சொல்கிறது. இணைப்புப் பெட்டியைத் திறந்து ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். திறந்து பார்த்தார். ஆறு முனையும் வெளியே இருந்தன. மூன்று தகடுகளைக் கழற்றித் திருப்பி மாட்டினால் போதும்.

மூன்று பேர் குறை என்று விட்டுப்போனது, வீட்டு ஷெட்டுக்கு வசதியாகிவிட்டது.

“மனைவி சொன்னது?” என்று அண்ணன் ஞாபகப்படுத்தினார்.

யார்டின் கரண்டிலேயே ஐந்து நிமிடம் ஓட்ட யார்டுக்காரர் ஒத்துக்கொண்டார். கருகிய தாளை எடுத்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த 80-ம் நம்பர் தாளைச் சுற்றினார்கள். பலகை போனது, வந்தது. மறுபடி போனது, வந்தது. இடது ஓரம், வலது ஓரம், நடு மூன்றையும் அளந்தார்கள். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர்தான். உருளையின் பேரிங் சத்தமே போடவில்லை. கிழிந்த பெல்ட் மட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே வந்தது. அதை மாற்றியே ஆக வேண்டும்.

அண்ணன் பலகையை வெயிலில் சாய்த்துப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நிழல் ஒரு கோடுகூட விழவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. பலகையை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். அதுதான் சம்மதம்.

35,000 கேட்டார் யார்டுக்காரர். “சூடாவுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க” என்று 22,000-ல் தொடங்கிய பேரம் 26,000-ல் நின்றது. பணத்தைக் கொடுத்துவிட்டு, ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்த பிறகுதான், ஏன் சூடாகிறது என்பதைத் தம்பி அவருக்குச் சொன்னார். யார்டின் மூலையில் இன்னும் இரண்டு கொரிய மோட்டார்கள் கிடந்தன. யார்டுக்காரர் திரும்பி அவற்றை ஒரு பார்வை பார்த்தார்.

“டீ சாப்ட்டுப் போங்க சார்” என்றார்.

பலகையும் மெஷினும் ஒரே வண்டியில்

மதியம் ஒரு குட்டி யானையில் மெஷினும் பதினான்கு பலகையும் ஏறின. கொரியாவில் செய்த மோட்டார், கொரியாவிலிருந்து பெட்டியாக வந்த மரம், இரண்டும் வேறு வேறு வழியில் வந்து இருங்காட்டுக்கோட்டையில் சந்தித்துக் குன்றத்தூருக்குப் போகின்றன.

மீதிப் பணத்துக்கு அன்றே கணக்கு எழுதினார்கள். வி.எஃப்.டி., புது பெல்ட், 60, 80, 120, 150 நம்பர்களில் உப்புத்தாள் ரோல், வண்டி வாடகை. கடைசியாக ஒன்று. அதில் மட்டும் தம்பி பிடிவாதமாக இருந்தார். தூசு உறிஞ்சும் மெஷினும் நாலு அங்குலக் குழாயும்.

“தூசு என்ன தம்பி, நாற்பது வருஷமா தின்னதுதானே” என்றார் அண்ணன். சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

அந்த இருமலைக் கேட்டுத்தான் தம்பி பிடிவாதம் பிடித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 1995-லேயே சேர்த்துவிட்டது. மூக்கின் உள்பகுதியில் வரும் புற்றுநோய்க்கும் மரத்தூளுக்கும் தொடர்பு உண்டு. சாண்டரிலிருந்து வருவது இழைப்புச் சுருள் அல்ல, மாவு. கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குள் போகும். உறிஞ்சும் குழாய் இல்லாமல் இந்த மெஷினை ஓட்டவே கூடாது. முகத்துக்கு என்-95 மாஸ்க்கும் வேண்டும். தூசு போகாவிட்டால் மெஷினுக்கும் நல்லதல்ல. பைன் பிசின் தாளில் ஒட்டிச் சூடாகிப் பலகையில் கறுப்புக் கோடு விழும். தாள் அடைத்துக்கொண்டால், கிரேப் ரப்பர் கட்டியை ஓடும் உருளையில் மெதுவாக அழுத்தினால் பிசின் வந்துவிடும்.

பழைய சாண்டர் வாங்க நினைப்பவர்களுக்கு அந்த ஞாயிறு கற்றுக்கொடுத்தது இவ்வளவு:

* பலகையைக் கையோடு கொண்டுபோய், ஓட்டி, இரண்டு ஓரத்தையும் அளந்து பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள்.
* சரிசெய்யும் திருகில் இன்னும் திருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.
* பிளக்கைப் பிடுங்கிவிட்டு உருளையைக் கையால் சுற்றி பேரிங்கைக் கேளுங்கள்.
* மோட்டார் தகட்டில் ஃபேஸ், வோல்ட், ஹெர்ட்ஸ் மூன்றையும் படியுங்கள். வயரிங்கில் கை வைப்பது எலெக்ட்ரீஷியன் வேலை. தெரியாதவர்கள் தொட வேண்டாம்.
* பெல்ட்டும் தாளும் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.
* பில் இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.
* தூசு உறிஞ்சும் செலவையும் மெஷின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.
* வீட்டு இணைப்பில் சொந்த வேலை செய்யலாம். விற்பனைக்குச் செய்யத் தொடங்கினால் அதற்கான மின் இணைப்பு வாங்க வேண்டும்.

60 என்ற எண்

அடுத்த ஞாயிறு. ஷெட்டில் புது பெல்ட், புதுத் தாள், சுவரில் வி.எஃப்.டி. பெட்டி. மோட்டார் டெல்டாவுக்கு மாறியிருந்தது. தம்பி பொத்தானை அழுத்த, சின்னத் திரையில் எண்கள் மெதுவாக ஏறின. 20... 35... 50. ஐம்பதில் நிற்காமல் 60 வரைக்கும் போனது. உருளையின் சத்தம் யார்டில் கேட்டதுபோல் இல்லை. முனகல் போய் ஒரே சீரான ரீங்காரம். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மோட்டார்மேல் கை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடு. அவ்வளவுதான்.

அண்ணன் மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தம்பி பார்த்த பார்வையில் மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டார். பிறகு பலகைகளை ஒவ்வொன்றாக பெல்ட்டில் வைத்தார். வலது கையைத் தூக்கவே தேவையில்லை. இடுப்பு உயரத்திலேயே வேலை முடிந்தது. முதலில் 80, பிறகு 120, கடைசியில் 150. வெளுத்து, அழுக்கேறி, கப்பலில் மிதித்து வந்த மரத்துக்குள்ளிருந்து தேன் நிறத்தில் ரேகைகள் வந்தன. ஒவ்வொரு ரேகையும் எங்கோ ஒரு குளிர் நாட்டில் அந்த மரம் கடந்த ஒரு வருடம்.

மூன்று வாரத்தில் முதல் நடைவண்டி தயார். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குச் சட்டம். கைப்பிடியின் மூலைகளை மட்டும் அண்ணன் மெஷினுக்கு விடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, இடது கையால், உப்புத்தாளைப் பிடித்து உருட்டினார். அவசரப்படாமல் அரை நாள்.

தம்பியின் மனைவி வந்து நடைவண்டியைச் சுற்றிப் பார்த்தார். உள்ளங்கையால் குறுக்குச் சட்டத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு தடவை தடவினார். பிறகு அடிப்பக்கமும் தடவினார். குழந்தைகள் அடிப்பக்கமும் கை வைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

“சிராய் இல்ல” என்றார்.

இரண்டு ஆண்களும் பெருமூச்சு விட்டார்கள்.

“சரி, 40,000-ல மீதி எவ்வளவு?” என்றார் அடுத்து.

அண்ணன் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த பலகையை எடுக்கப் போய்விட்டார்.